பொட்டாட்டம் இருக்கச் சொன்ன ஏரி

என் மகள் நெஞ்சு வரை சேற்றில் புதைந்து நின்ற ஏரியைப் பார்க்கத்தான் கொங்கு நாட்டுக்குப் போனேன். பார்த்த கையோடு அவளை ஊருக்கு அழைத்து வந்துவிடுவேன் என்று வீட்டில் சொல்லிவிட்டே கிளம்பினேன். பள்ளியில் நான்கு நாள் விடுப்பு. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் ஆசிரியைக்குத் தை மாதத்தில் நான்கு நாள் விடுப்பு கிடைப்பது லேசில்லை. தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.

கோமதிக்கு இருபத்திரண்டு வயது. கோயம்புத்தூரில் காட்டுயிரியல் முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஈரோட்டுப் பக்கம், கீழ்பவானி வாய்க்கால் தண்ணீரில் நிறையும் ஒரு சின்ன ஏரியில் பறவைக் கூடுகளைக் கணக்கெடுத்து ஆய்வேடு எழுதுகிறாள். சரணாலயமாக அறிவித்துக் காத்துவரும் ஏரி. அதன் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டாள். கூடு கட்டும் பருவத்தில் பெயர் வெளியே போனால் கேமராக்காரர்கள் வரிசை கட்டிவிடுவார்களாம். அதனால் எழுதவில்லை.

சேற்றில் மாட்டிய செய்தியை அவள் என்னிடம், “கால் கொஞ்சம் உள்ள போயிருச்சும்மா” என்றுதான் போனில் சொன்னாள். ஒரு வாரம் கழித்து அவள் அறைத்தோழி வாய்தவறி, “நெஞ்சு வரைக்கும் ஆன்ட்டி...” என்று தொடங்கி, பாதியில் பேச்சை மாற்றினாள். அன்று முதல் எனக்குத் தூக்கம் சரியில்லை. வகுப்பில் ஒரு சமன்பாட்டின் பாதியில் நின்று சாக்பீஸைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பிள்ளைகள் சிரிக்கக்கூட மாட்டார்கள். பயந்துபோய்ப் பார்ப்பார்கள்.

கடைசியாக மாறி ஏறிய பேருந்தில் நடத்துநரிடம், ஏரிக்குப் பக்கத்தில் இறக்கிவிடுங்கள் என்றேன். பின் இருக்கைக்காரர், “வாய்க்காப்பாலத்துல எறங்குனாப் பக்கமுங்க” என்றார். முன் இருக்கை அம்மா திரும்பி, “அண்ணன் சொல்றதும் சரிதானுங்க. ஆனாக் கோயல்கிட்ட எறங்குனா இன்னும் பக்கமுங்க” என்றார். “அக்கா சொல்றதும் சரிதானுங்க” என்று தொடங்கினார் மூன்றாமவர். எங்கள் திருநெல்வேலியாக இருந்தால் இந்நேரம் ஒருவர், “ஒமக்கு என்னவே தெரியும்?” என்று பாய்ந்திருப்பார். சண்டை நடந்திருக்கும், வழியும் தெளிவாகியிருக்கும். இங்கே யாரும் யாரையும் தப்பு என்று சொல்ல மாட்டேன் என்கிறார்கள். எல்லார் சொல்லுக்கும் மரியாதை செய்யும் விதமாக நடத்துநர் இரண்டு நிறுத்தங்களுக்கும் நடுவில், ஒரு தென்னந்தோப்பின் எதிரே என்னை இறக்கிவிட்டார். வழி கேட்க ஆள் இல்லை. தென்னைகளுக்குச் சொட்டுநீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது.

அரைமணி கழித்து ஒரு பால் வண்டி வந்தது. ஓட்டுநர் நிறுத்தி, “ஏனுங்க, ஒறம்பரைக்கு வந்தீங்களா?” என்றார். விருந்தாளியா என்று கேட்கிறார். ஏரிக்கு என்றேன். “ஏறிக்கோங்க” என்று கேனை நகர்த்தி இடம் கொடுத்துவிட்டு, “பத்திருவது நாளைக்கு மிந்தி அங்க ஒரு காலேஜ் புள்ள சேத்துல போயிருச்சுங்க. தெரியுமுங்களா? வாட்சரம்மா மட்டும் இல்லீன்னா அவ்வளவுதான். கண்ணு முழி மட்டுந்தான் வெளிய தெரிஞ்சுதாமா” என்றார்.

அந்தப் பிள்ளைக்கு அம்மா நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. “அப்படியா?” என்றேன். நெஞ்சு வரை என்பது வண்டிக்காரர் வாயில் கண் வரை வளர்ந்திருக்கிறது என்று புத்திக்குத் தெரிந்தது. கைக்குத் தெரியவில்லை. ஏரி வரும் வரை பால் கேனின் காதை அது விடவேயில்லை.

ஏரியின் வாசலில் கோமதி நின்றாள். கறுத்திருந்தாள். முழங்கைகளில் கருவேல முள் கிழித்த கோடுகள். “யம்மா, பஸ்ஸுல தூங்கினியா? சாப்பிட்டியா?” என்று கேள்விகளை அவளே முதலில் கேட்டுவிட்டாள். நான் அவளைத் தலை முதல் கால் வரை பார்த்தேன். எல்லாம் இருந்தது.

அவள் தங்கியிருப்பது அந்த வாட்சரம்மாவின் வீட்டில். பெயர் சரசு. வயது என்னைப் போல நாற்பத்தேழு, நாற்பத்தெட்டு இருக்கும். சேலைக்கு மேல் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு, ஏரியைக் காக்கும் வேலை. அன்று பொழுதோடு எங்களுக்கு அரிசிம்பருப்புச் சோறு போட்டார். அரிசியும் துவரம்பருப்பும் சேர்த்து ஆக்கி, சூட்டோடு நெய் ஊற்றி, பக்கத்தில் கத்திரிக்காய். எங்கள் வீட்டில் சொதிக்குத் தேங்காய் திருகுவதில் தொடங்கி அரைநாள் போகும். இது அரைமணியில் முடிந்து, அதைவிட நன்றாக இருந்தது. அப்படிச் சொன்னேன்.

“அட, சும்மா சொல்றீங்க. இன்னொரு கரண்டி வெச்சுக்கோங்க டீச்சரு” என்றார் சரசு.

நன்றி சொல்ல வேண்டும் என்று ஊரிலிருந்தே வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன். என் பிள்ளையை இழுத்துப் போட்டவர். ஆனால் அவர் எதிரே உட்கார்ந்ததும் வாயில் வந்தது வேறு: “எப்படி இறங்க விட்டீங்க?”

கோமதி தட்டிலிருந்து நிமிர்ந்தாள். சரசு கோபப்படவில்லை. “என்ற தப்புதானுங்க” என்றார். “கூடு பாக்கற கம்பு தண்ணில உழுந்துபோச்சு. எடுக்கறன்னு புள்ள எறங்குச்சு. அந்தப் பக்கம் சேறுன்னு நான் மொதல்லயே சொல்லியிருக்கோணும். பரிசல்ல குப்பறப் படுத்துக்கிட்டு, அதே கம்பக் குடுத்து இழுத்தனுங்க. ஒரு செருப்பு இன்னும் உள்ளதான் கெடக்குது.”

“பிடிச்சு இழுக்க எவ்வளவு நேரமாச்சு?”

“ஆச்சுங்க” என்றார். என் சோற்றில் இன்னும் கொஞ்சம் நெய் ஊற்றினார்.

மறுநாள் விடியும் முன் கோமதி என்னைக் கரையில் நடத்திக் கூட்டிப்போனாள். ஏரி என்றால் ஒரே தண்ணீர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் அதைத் தெருத்தெருவாகப் பிரித்துக் காட்டினாள். கரையோரம் முழங்கால்கூட நனையாத சதுப்பு. அங்கே சிவப்புக் குச்சிக் கால்களோடு பவளக்காலிகளும், ஊசி அலகை விட்டு விட்டு எடுக்கும் உள்ளான்களும். அதைத் தாண்டிச் சம்புப் புதர். நீலத்தாழைக் கோழிகள் தண்டைக் காலால் பிடித்து, நாம் முருங்கைக்காய் தின்பதுபோலத் தின்றன. பிறகு அல்லி இலைப் பரப்பு. அதன்மேல் இலைக்கோழி ஒன்று, வீட்டுத் தரையில் நடப்பதுபோல நடந்து போனது. அப்புறம் திறந்த தண்ணீர். நெற்றியில் வெள்ளை நாமம் இட்ட நாமக்கோழிகளும், பார்த்துக்கொண்டிருக்கும்போதே காணாமல் போகும் முக்குளிப்பான்களும். எல்லாவற்றுக்கும் நடுவில், மண் கொட்டி உயர்த்திய மூன்று திட்டுகளில் கருவேல மரங்கள். மரமா, பறவையா என்று தெரியாத அளவுக்குக் கூடுகள்.

“இங்க எவ்வளவு ஆழம்?” என்றேன்.

“கணுக்கால்.”

“அங்க?”

“இடுப்பு. யம்மா, நீ பறவை பேரக் கேளு. ஆழத்தையே கேக்கே.”

உண்மைதான். முக்குளிப்பான் முங்கும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்தேன். அது எழும் வரை விடவில்லை. கோமதி அதைக் கவனித்துவிட்டு வேறு பக்கம் கூட்டிப்போனாள். எங்கள் பக்கத்துக் குளங்களிலும் நாரை உண்டு. ஊருக்குள் வேப்பமரத்திலேயே கூடு கட்டும். அதன் எச்சத்தைக் கழுவித் துணி காயப்போட்டு வளர்ந்தவள்தான் நான். ஆனால் அங்கே என் பிள்ளை தண்ணீருக்குள் இறங்கியதில்லை.

வேலை செய்யும் முறையையும் சொன்னாள். வாரம் ஒருமுறை, வெயில் ஏறும் முன், சரசு பரிசல் வலிக்க இவள் உட்கார்ந்து போவாள். நீண்ட மூங்கில் கம்பின் நுனியில் பைக் கண்ணாடி ஒன்றைக் கட்டி, கூட்டுக்கு மேலே நீட்டுவாள். கூட்டைத் தொடாமல், மரம் ஏறாமல், கண்ணாடியில் முட்டையும் குஞ்சும் தெரியும். எழுதிக்கொண்டு அடுத்த கூட்டுக்கு நகர்வார்கள். பேச்சு கிடையாது. பறவை எழுந்துவிட்டால் குஞ்சுகளுக்கு நிழல் போய்விடும். மஞ்சள்மூக்கு நாரை பகலெல்லாம் சிறகை விரித்துக் குஞ்சுக்குக் குடை பிடிக்கும் பறவை. அது இல்லாத கூட்டில் வெயிலும் காக்கையும் வேலையைக் காட்டிவிடும்.

கரையை ஒட்டி ஒரு ராகி வயல். வயல்காரர் செல்லமுத்து, அறுபதை நெருங்குகிறவர், மேல்துண்டை வீசி வீசி மயில்களை விரட்டிக்கொண்டிருந்தார். சத்தமே இல்லை. மயில்கள் நாலடி நகர்ந்து மறுபடி மேய்ந்தன. சாளை என்று இங்கே சொல்லும் அவருடைய ஓலைக் குடிசையில் ஒரு பழைய தகரமும் கட்டையும் தொங்கின. அதை அடித்தால் மயில் ஓடாதா என்று கேட்டேன்.

“ஓடுமுங்க” என்றார். “ஆனா ஐப்பசில இருந்து பங்குனி வரைக்கும் இந்த ஏரியச் சுத்தி ஆரும் தகரம் அடிக்கறதில்லீங்க. வெடியும் போடறதில்லீங்க. இதுக குஞ்சு பொரிக்கற காலம் பாருங்க, பொட்டாட்டம் இருக்கோணும்.” பொட்டாட்டம் என்றால் சத்தமில்லாமல், அடக்கமாக. “மயிலுக்குப் பாதி, எனக்குப் பாதி. கேட்டா அது முருகன் வண்டிங்கறாங்க. எனக்கு மட்டும் வண்டி வரமாட்டீங்குது.”

அன்று மதியம் கோமதியிடம் விஷயத்தை எடுத்தேன். என்னோடு ஊருக்கு வா என்றேன். இன்னும் மூன்று கணக்கெடுப்புகள் இருக்கின்றன என்றாள். குஞ்சுகள் பறக்கும் வரை எண்ணி முடிக்காவிட்டால் ஐந்து மாத வேலை வீண். வேறு தலைப்பு எடுத்துக்கொள் என்றேன். அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

“நாளைக்கு ஒரு தடவ கரையில இருந்து பாரும்மா. பார்த்த பொறவும் பயமா இருக்குன்னா, நான் வாரேன். சாமி சத்தியமா வாரேன்.”

“பார்க்கேன்” என்றேன். முடிவு எனக்கு முன்னாலேயே தெரியும். ஒப்புக்குத்தான் ஒத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள். விடிகிற நேரத்தில் பரிசல் புறப்பட்டது. என்னைச் செல்லமுத்துவின் சாளைக்கு அருகே கரைப் புல்லில் உட்காரவைத்து, பைனாகுலரைக் கையில் கொடுத்தாள் கோமதி. எழுந்து நிற்கக்கூடாது, கூப்பிடக்கூடாது. ஆபத்து என்றால் கண்ணாடிக் கம்பை உயர்த்தி ஆட்டுவாள். ஆட்டாமல் நேராகப் பிடித்தால் ஒன்றுமில்லை, இருக்கிற இடத்திலேயே இரு என்று அர்த்தம். பரிசலில் போகும் இருவரிடமும் போன் இல்லை. ஏற்கெனவே ஒன்று சேற்றுக்குள் போயிருக்கிறது.

முதல் இரண்டு திட்டுகள் நன்றாகவே நடந்தன. கம்பு உயர்ந்தது, கண்ணாடி பளிச்சிட்டது, தாழ்ந்தது. நாரைகள் கழுத்தைத் திருப்பிப் பார்த்ததோடு சரி. செல்லமுத்து ஒரு டம்ளரில் காப்பித்தண்ணி கொண்டுவந்து கொடுத்துவிட்டு மதகுப் பக்கம் போனார். குடிக்கலாம்போலக்கூட இருந்தது. பரிசல் மூன்றாவது திட்டின் பின்னால் மறைந்தது.

ஐந்து நிமிடம். பத்து நிமிடம். மற்றத் திட்டுகளின் பின்னால் ஏழு நிமிடத்துக்கு மேல் மறையவில்லை. நான் கடிகாரம் பார்த்துத்தான் வைத்திருந்தேன். பதினைந்து. காப்பி ஆறி ஆடை கட்டிவிட்டது. இருபதாவது நிமிடம் மரங்களுக்குப் பின்னாலிருந்து பரிசல் வந்தது. தானாகச் சுற்றிக்கொண்டு, மெல்ல, காற்று தள்ளுகிற பக்கமாக. அதில் யாரும் இல்லை.

அதன் பிறகு நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். கத்தினேன். கத்தியது போதவில்லை என்று தோன்றியது. சாளைக்கு ஓடித் தகரத்தைப் பிய்த்தெடுத்துக் கட்டையால் அடித்தேன். யாராவது வரவேண்டும், ஊரே வரவேண்டும் என்று அடித்தேன். எட்டு பதினேழு அப்போது.

ஏரி எழுந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மூன்று திட்டுகளிலிருந்தும் நாரைகள், நத்தைகுத்திகள், நீர்க்காகங்கள், பகலில் தூங்கும் வக்காக்கள், கனத்த கூழைக்கடாக்கள் எல்லாம் ஒரே வீச்சில் மேலே போயின. கரையில் நிழல் விழுந்தது. சிறகுச் சத்தத்தில் என் தகரச் சத்தமே எனக்குக் கேட்கவில்லை.

செல்லமுத்து ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தார். “அம்மணி! நிறுத்துங்க, நிறுத்துங்க! என்ன செஞ்சுபோட்டீங்க!”

“பரிசல் காலி. பிள்ளையக் காணோம்.”

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். “அங்க பாருங்க. மரத்துக்கு மேல.”

கருவேல உச்சிக்கு மேலே கண்ணாடி தெரிந்தது. ஆடவில்லை. நேராக நின்றது.

பைனாகுலரில் கிளைகளுக்கு நடுவே தேடினேன். இடுப்பளவுத் தண்ணீரில், மரத்தோடு ஒட்டிக்கொண்டு இருவரும் நின்றார்கள். பின்னால்தான் தெரிந்தது. வாய்க்காலில் தண்ணீர் விட்டதில் திட்டு மூழ்கியிருந்தது. ஆடுகிற பரிசலிலிருந்து உயரக் கூடுகளுக்குக் கண்ணாடியை நிலையாக நீட்ட முடியவில்லை. திட்டைச் சுற்றிப் பரப்பிய கல்லின்மேல் இறங்கி நின்றிருக்கிறார்கள். கல் பாவிய இடம், சேறு இல்லை. கிளையில் கட்டிய கயிறு நழுவிவிட்டது. அவ்வளவுதான்.

“மதகுல இன்னொரு பரிசல் கெடக்குதுங்க” என்றார் செல்லமுத்து. “இப்பவே போய்க் கூட்டியாந்துடலாம். ஆனா இப்பப் போனா இதுக எறங்காதுங்க. ஆள் நடமாட்டம் நிக்கற வரைக்கும் மேலயேதான் சுத்தும்.” தகரத்தை என் கையிலிருந்து வாங்கிப் புல்லில் சத்தமில்லாமல் வைத்தார். “உங்க புள்ளைங்க. நீங்க சொல்றதுதான்.”

“எவ்வளவு நேரத்துல இறங்கும்?”

“நெனச்சாக் கால் மணி. நெனைக்காட்டி ஒரு மணியுமாகுமுங்க.”

காக்கைகள் காத்திருக்கவில்லை. நேராகத் திட்டுக்குப் போயின. ஒன்று நீர்க்காகக் கூட்டிலிருந்து வெளிறிய நீல முட்டையை அலகில் கவ்விக்கொண்டு என் தலைக்கு மேலேயே பறந்தது. திட்டுகளை விட்டுத் தள்ளி, கரையோரத் தண்ணீரில் தனியாக நின்ற ஒரு மரத்தின் கூடுகளில் நாரைக் குஞ்சுகள் தெரிந்தன. வெள்ளைப் பஞ்சு உடம்பு, கறுத்த முகம். வெயில் நேராக விழ, வாயைத் திறந்து மூச்சு வாங்கின. மேலே ஆயிரம் சிறகு சுற்றியது. அவற்றுக்குக் குடை பிடிக்க ஒன்றும் இல்லை.

போய்க் கூட்டி வாருங்கள் என்ற சொல் என் நாக்கிலேயே இருந்தது. கோமதி தண்ணீரில் நிற்கிறாள். கல் வழுக்கலாம். பாம்பு இருக்கலாம். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே குளிர் ஆகாது. கண்ணாடி அசையாமல் நின்றது. என் பிள்ளை என்னிடம் இருக்கிற இடத்திலேயே இரு என்கிறாள். அவள் கை வலிக்க வலிக்க அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள், எனக்காக மட்டும்.

“போகவேண்டாம்” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. தலையை ஆட்டிக் காட்டினேன்.

இருவரும் கரைச் சரிவில் குப்புறப் படுத்தோம். ஐம்பதைத் தொடப்போகிற கணக்கு ஆசிரியை, புல்லில் முகத்தை வைத்துப் படுத்திருந்தேன். எறும்பு கடித்தது. செல்லமுத்து ஒருமுறை மெதுவாக, “ஒண்ணும் ஆகாதுங்க” என்றார். அது எனக்கா, தனக்கா தெரியவில்லை. அவர் முகமும் வெளுத்திருந்தது.

இருபத்தாறு நிமிடம் கழித்து முதல் நாரை இறங்கியது. கூட்டின் விளிம்பில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தது. பிறகு குஞ்சுகள்மேல் குனிந்து இரண்டு சிறகையும் விரித்தது. அடுத்தது. அதற்கடுத்தது. திட்டு மெல்ல வெள்ளையானது. கரையோர மரத்தில் ஒரு கூட்டுக்கு மட்டும் வெகுநேரம் எதுவும் வரவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. கண் கலங்கிப் பைனாகுலர் மங்கிவிட்டது.

எல்லாம் அமர்ந்த பிறகு சரசு தலை மட்டும் தெரிய நீந்திப்போய்ப் பரிசலைப் பிடித்தார். கரைக்கு வந்து சேர்ந்தபோது கோமதியின் உதடு வெளுத்திருந்தது. விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. என் முந்தானையால் அவள் தலையைத் துவட்டினேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

“எத்தன மணிக்கும்மா அடிச்சே?” என்றாள். நோட்டைத் திறந்திருந்தாள்.

“எட்டு பதினேழு.”

எழுதினாள். காரணம் என்ற கட்டத்தில், ‘கரையில் தகரம் அடிக்கப்பட்டது’ என்று எழுதினாள். யார் என்று எழுதவில்லை.

சரசு சேலையைப் பிழிந்துகொண்டே, “நல்லா மணி அடிச்சீங்க டீச்சரு” என்றார். “பள்ளிக்கோடம் உட்டாச்சுன்னு எல்லாம் பையத் தூக்கிக்கிட்டுக் கெளம்பிருச்சுங்க.” கோமதி சிரித்தாள். நான் அழுதேன்.

அன்று மாலை பால் ஊற்றும் இடத்தில் நான்கைந்து பேர் செல்லமுத்துவைச் சூழ்ந்து நின்றார்கள். எல்லாருடைய குரலும் தணிவாகத்தான் இருந்தது. “நீங்க அடிச்சிருக்கமாட்டீங்கன்னு தெரியுமுங்க மாமா. ஆனாத் தகரம் உங்க சாளைலதானுங்க கேட்டுது?” என்றாள் ஒரு பெண். அவர் பால் கேனின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

நான் முன்னால் போய் நின்றேன். “அடிச்சது நான். கோமதியோட அம்மா.”

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பிறகு அந்தப் பெண்ணே, “அட, உடுங்கம்மா. தெரியாமச் செஞ்சுபோட்டீங்க. ஒறம்பரைக்கு நாங்கதான மொதல்லயே சொல்லியிருக்கோணும்” என்றாள். செல்லமுத்து சொல்லியிருந்தார். முழுவதும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அடித்தேன். அதையும் சொன்னேன். “அப்படீங்களா” என்றார்கள். “புள்ள பயமுங்க. என்ன பண்றது” என்றார் ஒரு பெரியவர். எங்கள் ஊர்க்காரர்கள் மாதிரி நாலு வார்த்தை வைதிருக்கலாம். அந்த மரியாதையோடு திரும்பி நடப்பது கஷ்டமாக இருந்தது.

வீட்டுக்கு வந்தால் கோமதி பெட்டியைத் திறந்துவைத்துத் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“என்னட்டி செய்யுத?”

“சொன்னேன்லா. பார்த்த பொறவும் பயமா இருந்தா வாரேன்னு. நீ பயந்ததை ஊரே கேட்டிருச்சே.” குரலில் குத்தல் இல்லை. மடித்த துணிமேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தாள். வாக்குக் கொடுத்தால் தவறாதவள். அது என்னிடமிருந்து வந்த குணம்.

நான் வந்த காரியம் முடிந்துவிட்டது. பேருந்துக்குப் போக வேண்டியதுதான். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பயம் போயிருந்ததா என்றால், இல்லை. முன்பைவிட அதிகம். காலிப் பரிசல் சுற்றுவது இப்போதும் கண்ணில் நிற்கிறது. இதை எழுதும்போதும் நிற்கிறது. ஆனால் கரையோர மரத்தில் எத்தனை குஞ்சு மிஞ்சியது என்று எனக்குத் தெரியவேண்டியிருந்தது.

“கரையோர மரத்துல எத்தன குஞ்சு இருந்துது, காலையில?”

“நாலு கூடு. பதினொண்ணு.”

“இப்ப?”

“தெரியலம்மா. போய்ப் பார்த்தாத்தான் தெரியும்.”

“அப்போ நாளைக்குக் காலையில எண்ண வேண்டாமா?” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் பெட்டியிலிருந்து அவளுடைய கணுக்கால் வரை இறுக்கும் பழைய பேண்ட்டை எடுத்து வெளியே வைத்தேன். தண்ணீரில் இறங்குவதற்கென்று அவள் வைத்திருப்பது.

நான்காம் நாள் மதியம் நான் மட்டும் ஊருக்குக் கிளம்பினேன். அதற்கு முன்னால், காலையில் அவர்கள் அந்த ஒரு மரத்துக்கு மட்டும் போனார்கள். பரிசலை இந்த முறை இரண்டு கயிற்றால் கட்டுவதாகச் சரசு என்னிடம் இரண்டு முறை சொன்னார். கோமதி ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: நீ பார்க்காதே. அந்தப் பக்கம் திரும்பி உட்கார்.

ஏரிக்கு முதுகைக் காட்டி, ராகி வயலைப் பார்த்துக் கரையில் உட்கார்ந்தேன். துடுப்புச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. எதிரே மூன்று மயில்கள் கதிரை உருவிக்கொண்டிருந்தன. செல்லமுத்து துண்டை வீசியபடி வரப்பில் வந்தார். என்னைக் கண்டதும் நின்றார். நான் மனதுக்குள் எண்ணத் தொடங்கினேன். நூறு வரை எண்ணிவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து. நாலாவது நூறில், எனக்குப் பின்னால் ஏதோ கனமாகத் தண்ணீரில் விழுந்தது. பெரிய சத்தம். கூழைக்கடா இறங்கினாலும் அப்படித்தான் கேட்குமாம். கழுத்து தானாக ஒரு விரற்கடை திரும்பிவிட்டது. இரண்டு கையாலும் புல்லைப் பிடித்துக்கொண்டேன். செல்லமுத்து என் முகத்தைப் பார்த்தார், என் தலைக்கு மேலாக ஏரியைப் பார்த்தார், பிறகு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவசரமில்லாமல் மயில்களின் பக்கம் நடந்தார். என்ன என்று நான் கேட்கவில்லை. எண்பத்து மூன்று, எண்பத்து நான்கு என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.